இரண்டு பாட்டில் பன்னீர்

முத்துப்பேச்சியின் முகம் முழுக்க ஃபேஷியல் பேக் பூசி முடித்து, மூடிய கண் இரண்டின் மேலும் பன்னீரில் நனைத்த பஞ்சை வைத்து, "இருபது நிமிஷம். அசையக் கூடாது, பேசக் கூடாது, முக்கியமா சிரிக்கக் கூடாது, கோடு விழுந்துரும்" என்று சொல்லி, போனில் நேரத்தையும் வைத்துவிட்டுக் கை கழுவத் திரும்பினாள் பிலோமினா. ஃப்ரிட்ஜுக்கு முன்னால் தரையில் சிவப்பாக ஏதோ கிடந்தது. புழுவோ என்று காலைத் தூக்கிக்கொண்டாள். புழு இல்லை, ரப்பர் பேண்ட். குளிரில் இருந்து இருந்து இற்றுப்போய், அறுந்து, நீளமாகக் கிடந்தது. குனிந்து எடுத்தாள், எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. சிவப்பு ரப்பர் பேண்ட் ரோஜாத் தண்ணீர் பாட்டிலுக்கு, பச்சை வெட்டிவேர்த் தண்ணீருக்கு, மஞ்சள் தாழம்பூவுக்கு. இரண்டு வருடமாக இதுதான் அவளுடைய மூக்கு. அந்த மூக்கு இப்போது அறுந்து அவள் விரலில் தொங்கியது.

பதறாதே, யோசி, என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கதவுத் தட்டில் இன்னொரு பழுப்புக் கண்ணாடிப் பாட்டில் நின்றது, அதே உயரம், அதே கறுப்பு மூடி, கழுத்தில் ஒன்றும் இல்லை. டிராலியில் இருக்கிற, சற்றுமுன் பேக்கில் கலந்து பஞ்சையும் நனைத்த பாட்டிலின் கழுத்திலும் ஒன்றும் இல்லை. ஒன்று நிலக்கோட்டை பெர்னாட் கொண்டுவந்து தருகிற ரோஜாத் தண்ணீர், அண்டாவில் பூவைப் போட்டு ஆவியாக்கி, முதல் ஒரு மணி நேரத்தில் இறங்குகிறதை மட்டும் பிடித்துத் தருவான். இன்னொன்று சவரி ஊற்றி வைத்தது. சவரிமுத்து அவள் வீட்டுக்காரர், கல்யாண மண்டபங்களுக்கு மேடை அலங்காரம் செய்கிறவர். வாசலில் வரவேற்பு மேசை போட்டு, சந்தனக் கிண்ணம், கல்கண்டுத் தட்டு, பன்னீர்ச் சொம்பு வைப்பதும் அவர் ஆட்கள்தான். மிஞ்சின கல்கண்டை வீட்டுக்குக் கொண்டு வருவார், மிஞ்சின பன்னீரையும் கொண்டு வருவார், கொட்ட மனசு வராத மனுஷன். அது பூவைக் கண்ணால்கூடப் பார்க்காத பன்னீர். தண்ணீரில் சென்ட்டைக் கலந்து அடைத்தது. பட்டுப் புடவை மேல் தெளிக்கலாம், மாப்பிள்ளைத் தோழன் தலையில் தெளிக்கலாம், ஒரு குற்றமும் இல்லை. முகத்தில் பூசி, கண் மேலும் வைத்துவிட்டு இருபது நிமிஷம் படு என்று சொல்வதற்கு அது ஆகாது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது அவர் ஏதோ பாட்டில் என்று சொன்ன மாதிரிதான் இருக்கிறது. அவள் குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழம்பை அவள் இப்போதெல்லாம் கண்ணால்தான் சமைக்கிறாள்.

ரப்பர் பேண்ட் தரையில் கிடந்தது, ஃப்ரிட்ஜுக்கு வெளியில். அப்படியென்றால் அவள் வெளியே எடுத்த பாட்டிலிலிருந்துதான் விழுந்திருக்க வேண்டும். அப்படியென்றால் எடுத்தது ரோஜாத் தண்ணீர்தான், மாதாவே ஸ்தோத்திரம், ஒன்றும் ஆகவில்லை, போய்க் கையைக் கழுவு. குழாய்வரை போனாள். ஆனால் அது நேற்றே அறுந்து கதவுத் தட்டில் கிடந்து, கதவைத் திறந்த வேகத்தில் வெளியே விழுந்திருந்தால்? திரும்பி வந்தாள். பாட்டிலை எடுக்கும்போது கழுத்தைப் பார்த்தாளா? பார்த்தாள். பார்த்த ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த ஞாபகம் இன்றையதா, நேற்றையதா, இரண்டு வருடமாகத் தினம் ஐந்து தடவை பார்த்ததில் ஒன்றா? வீட்டைப் பூட்டினோமா என்று பஸ்ஸில் போகும்போது நினைக்கிற மாதிரிதான், எத்தனை தடவை நினைத்தாலும் பூட்டினதாகத்தான் தெரியும், அதற்காக வீடு பூட்டியிருக்கிறது என்று ஆகிவிடாது. பாட்டிலை எடுக்கிற நேரத்தில் முத்துப்பேச்சி அக்கா நாற்காலியிலிருந்து ஏதோ சொன்னாள், அதைக் கேட்டுக்கொண்டே எடுத்தாள். என்ன சொன்னாள் என்பது மட்டும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. சாட்சிக்கு இன்னும் ஒரு ஆள் குறையுது பிலோமினா, மூணு பேர் வேணுமாம், ரெண்டுதான் தேறுது.

பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தாள், நுரை வந்து அடங்கியது. மற்றதைக் குலுக்கினாள், அதிலும் வந்து அடங்கியது. வெள்ளைத் துணியில் ஒவ்வொரு சொட்டு விட்டுப் பார்த்தாள், இரண்டும் தண்ணீர். சில மண்டபத்துப் பன்னீர் ரோஸ் நிறத்தில் இருக்கும், இந்தத் தடவை அதுவும் இல்லை. மூடியைத் திறந்து மூக்கருகில் கொண்டு போனாள், பழக்கம். கண்ணை மூடினாள், அதுவும் பழக்கம். மூச்சை இழுத்தாள். குளிர்ந்த காற்று போனது, அவ்வளவுதான். அந்தக் காய்ச்சல் வந்த வருடம் தெருவில் எல்லோருக்கும்தான் மூக்கு போனது, மூன்று வாரத்தில் எல்லோருக்கும் திரும்பி வந்தது, காபி மணக்குது காபி மணக்குது என்று ஆளாளுக்குப் போன் பண்ணிச் சொன்னார்கள். "உனக்கு வந்துருச்சா?" என்று சவரி கேட்டார். "வந்துருச்சு" என்றாள். நாளைக்கு வந்துவிடும், இன்றைக்கே சொன்னால் என்ன என்றுதான் சொன்னாள். அந்த நாளைக்குத்தான் இன்னும் வரவில்லை. மாதா கோயிலில் தூபம் போடும்போது புகை மட்டும் தெரிகிறது. பால் தீய்ந்தால் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிகிறது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் திண்டுக்கல்லில் பிலோமினாவுக்கு இருந்த பேரே மூக்கால் வந்த பேர். பெண்கள் தாங்கள் வாங்கின பாட்டிலோடு மாடியேறி வருவார்கள், அவள் மூடியைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்து, இது ஊதுபத்திக் கம்பெனிக்காரன் செஞ்சது, பூஜை அறையில வை. இது நல்ல சரக்குதான், பழசாயிருச்சு, செடிக்கு ஊத்து. இது பூ, இதை மட்டும் மூஞ்சியில போடு என்று சொல்வாள். நிஜப் பன்னீர் ரோஜா மாதிரியே மணக்காது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். முதலில் வெந்த பூ, அப்புறம் கொஞ்சம் பச்சைக் காம்பு, கடைசியில், ரொம்பக் கடைசியில், தேன். இன்னமும் அதையே ஒப்பிக்கிறாள். மோந்து பார்த்த மாதிரி தலையாட்டிவிட்டு, எதிரில் நிற்கிறவள் முகத்தைப் பார்த்து, பாட்டிலின் பின்பக்கம் எழுதியிருப்பதைக் கள்ளத்தனமாகப் படித்துச் சொல்கிறாள். பூத்தண்ணீர் என்று ஒரே வரி இருந்தால் நல்லது, வாயில் நுழையாத பேராகப் பத்து வரி இருந்தால் வேண்டாம். இதுவரை பெரிதாகத் தப்பியதில்லை. ஒரே ஒரு தடவை தவிர. அதை இப்போது நினைக்க வேண்டாம்.

"பிலோமினா," என்றது நாற்காலி, உதட்டை அசைக்காமல்.

"பேசக் கூடாதுன்னேனேக்கா."

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"பதினஞ்சு நிமிஷம்."

"பஸ் ஸ்டாண்டு முக்குல எட்டு மணி நேரம் நின்னுருக்கேன், அது இவ்வளவு நீளமா இல்ல."

முத்துப்பேச்சி போக்குவரத்து போலீஸில் ஏட்டு. நாற்பத்தேழு வயதில் வாழ்க்கையில் முதல் தடவையாக ஃபேஷியலுக்கு வந்திருக்கிறாள். பேக் போடுவதற்கு முன்னால் அந்த முகத்தை ஈரப் பஞ்சால் துடைத்தபோதே பிலோமினா கவனித்தாள். தொப்பி மறைத்த நெற்றி ஒரு நிறம், வெயில் வாங்கின கன்னம் ஒரு நிறம், நடுவில் கோடு போட்ட மாதிரி. கன்னத்துத் தோல் மெலிந்து, சின்னச் சின்ன ரத்த நாளங்கள் தெரிந்தன. இப்படிப்பட்ட முகத்துக்கு எதைத் தொட்டாலும் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும், இதையும் ஊருக்கே சொல்கிறவள் அவள்தான். "நேத்தே வந்திருக்கக் கூடாதாக்கா" என்றாள். "நேத்து வரைக்கும் வரலாமா வேணாமான்னே தெரியல" என்றாள் முத்துப்பேச்சி. நாளைக்கு அவளுக்கு ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம். வீட்டுக்காரர் இறந்து பதினோரு வருடம். மாப்பிள்ளை ஞானவேல், பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர், அவரும் மனைவியை இழந்தவர்; ஆறு வருடமாக மதியம் ஒரு மணிக்கு ஒரு பாட்டில் தண்ணீரை முக்கில் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விடுவாராம். ஏழாவது வருடம் இவளே, பேசினா என்ன வாய் வலிக்குமா என்று கேட்டிருக்கிறாள். மகன் ஓசூரில் இருக்கிறான், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். இதையெல்லாம் முகத்தைத் துடைக்கத் துடைக்கச் சொன்னாள், முகத்தைத் தொடுகிறவளிடம் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். கடைசியில், "அவரு என்னை யூனிஃபார்ம் இல்லாம பாத்ததே நாலு தடவதான். நாளைக்கு மூஞ்சி நல்லா இருக்கணும் பிலோமினா. மத்தது எதுவும் என் கையில இல்ல" என்றாள். பிலோமினா அப்போது, "உங்க மூஞ்சி என் பொறுப்பு" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். சொன்ன வாய்க்கு இப்போது அடி கொடுக்க வேண்டும்போல இருந்தது.

இரண்டு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சவரிக்குப் போன் போட்டாள். ஏதோ மண்டபத்தில் இருக்கிறார், ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது.

"நேத்து பன்னீர எதுல ஊத்துனீங்க?"

"உன் காலி பாட்டில் ஒண்ணு கழுவிக் கவுத்திருந்த, அதுல. சொன்னேனே."

"எங்க வெச்சீங்க? கதவுலயா, மேல் தட்டுலயா?"

"மேல... இல்ல, கதவுல. ஏ, அந்த வாழை மரத்தை இந்தப் பக்கம் சாய்ச்சுக் கட்டுப்பா. மேலதான் வெச்சேன்னு நெனைக்கிறேன். ஏன், மோந்து பாத்தா தெரியப்போவுது. உன் மூக்குக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல" என்று போனை வைத்தாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவர் அவளைப் பற்றி ஊரில் பெருமையாகச் சொல்கிற ஒரே விஷயம் அது. எம் பொண்டாட்டி மூக்குக்கு முன்னால ஒருத்தனும் கலப்படம் பண்ண முடியாது. மண்டபத்துச் சமையல்காரரிடமும் சொல்வார், பூக்கடைக்காரனிடமும் சொல்வார். சரி, நாக்கு இருக்கிறதே. மூக்குதானே போனது, கசப்பும் இனிப்பும் தெரிகிறதே. சென்ட் கலந்தது கசக்கும். விரலைப் பாட்டிலில் நனைத்து நாக்கில் வைத்தாள், கசந்தது. ஐயோ என்று நெஞ்சைப் பிடித்தாள். மற்றதிலும் வைத்துப் பார்த்தாள், அதுவும் கசந்தது. அப்புறம்தான் விரலைப் பார்த்தாள், கை கழுவவே இல்லை, நகக்கண்ணெல்லாம் முல்தானி மட்டியும் கஸ்தூரி மஞ்சளும். இந்த லட்சணத்தில் ஊருக்குச் சுத்தம் சொல்லிக் கொடுக்கிறாள். சோப்புப் போட்டுக் கழுவினாள், மறுபடியும் வைத்தாள், இப்போது சோப்புக் கசந்தது. கீழ் வீட்டுத் தையல்காரியைக் கூப்பிட்டு, இதைக் கொஞ்சம் மோந்து பாருடி என்றால் ஒரு நொடியில் முடிந்துவிடும். முடிந்துவிடும், எல்லாமே முடிந்துவிடும். மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும், பிலோவுக்கு மூக்கு அவுட்டாம், ரெண்டு வருஷமா நம்மளை ஏமாத்திருக்கா. ஏமாற்றினாளா? க்ரீமும் கையும் அதேதான், மசாஜும் அதேதான், மூக்கு மட்டும்தானே இல்லை. மூக்கு மட்டும்தானே என்று சொல்கிறாயே, அவர்கள் எதற்கு வந்தார்கள்.

பாட்டில்களை அதனதன் இடத்தில் வைத்துவிட்டு வந்து முத்துப்பேச்சியின் பக்கத்தில் நின்றாள். பேக் ஓரமெல்லாம் வெளுத்துக் காய ஆரம்பித்திருந்தது. மூச்சு ஏறி இறங்கியது, கைகள் வயிற்றின் மேல் கோர்த்திருந்தன, விசில் கயிறு பிடித்துப் பிடித்துக் காய்ப்புக் காய்த்த விரல்கள். கண்ணின் மேல் பஞ்சு. அந்தப் பஞ்சைப் பார்க்கத்தான் முடியவில்லை. அதை மட்டுமாவது எடுத்துவிடலாம், ஏதாவது காரணம் சொல்லலாம், காய்ந்துவிட்டது, வேறு நனைத்து வைக்கிறேன் என்று சாதாத் தண்ணீரில் நனைத்து வைக்கலாம். ஆமாம், அது நல்லது, அதற்குப் பெயர் பொய் இல்லை. எடுத்தாள். இமைகள் மூடியே இருந்தன, கொஞ்சம் ஈரமாக, கொஞ்சம் சிவந்து. பஞ்சு அழுத்தினால் யாருக்கும் சிவக்கும். சிவக்குமா? தன் கழுத்தில் அதே பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தடவிப் பார்த்தாள், ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அவள் கழுத்து எருமைத் தோல், எதைப் போட்டாலும் தாங்கும். இந்த முகம் அப்படியில்லை. போனில் பதினொரு நிமிஷம் என்று காட்டியது.

"பஞ்சை எடுத்துட்டியா?"

"காஞ்சு போச்சுக்கா, வேற வெக்கிறேன். கண்ணத் தொறக்காதீங்க."

"கன்னத்துல லேசா சுருக்கு சுருக்குங்குது. இப்படித்தான் இருக்குமா?"

"பேக் காயும்போது இழுக்கும்க்கா. அப்படித்தான்."

"சரி. நீ சொன்னா சரி."

நீ சொன்னா சரி. மோனிஷாவும் இப்படித்தான் சொன்னாள், நினைக்க வேண்டாம் என்று தள்ளி வைத்தவள் வந்து நின்றுவிட்டாள். போன மழைக்காலம். காலேஜ் பெண், தாடையில் பரு. அவளுக்கு ஒரு பாட்டில் ரோஜாத் தண்ணீர் கொடுத்தாள், முகம் கழுவி ஈரம் காய்வதற்குள் தெளி, தேய்க்காதே, ஒத்து, மேலே க்ரீம் போடு என்று சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பெண் மூடியைத் திறந்து முகம் சுளித்தது. "அக்கா, புளிச்ச மாவு வாடை அடிக்குதே." பூத்தண்ணீரில் ஒரு மருந்தும் சேர்ப்பதில்லை, மாதக்கணக்கில் வைத்தால் அதுவும் தோசை மாவும் ஒன்றுதான், நூல் நூலாக மிதக்கும். பழைய பிலோமினாவாக இருந்திருந்தால் அந்தப் பாட்டில் அலமாரிக்கே வந்திருக்காது. ஆனால் அன்றைக்கு நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள், நாலு பேரும் இவள் மூக்கையே பார்த்தார்கள். வாங்கி மோந்தாள், சிரித்தாள். "அதும்மா இயற்கை. சென்ட்டு பாட்டிலுக்குப் பழகின மூக்கு அப்படித்தான் சொல்லும்." அந்தப் பெண் வெட்கப்பட்டு, "நீங்க சொன்னா சரிக்கா" என்றது. மூன்று வாரம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். மாஸ்க்கை இறக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. தாடை முழுக்கச் சீழ் வைத்துத் திட்டுத் திட்டாக. பிலோமினா சட்டென்று திரும்பி, வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவளிடம், இது பிஞ்சா முத்தலா என்று கேட்டுக்கொண்டு, அந்த பஸ் கிளம்புகிறவரை நின்றாள். ஒரு படி வெள்ளரிப் பிஞ்சோடு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு அந்த முக்கில் விசில் அடித்துக்கொண்டு நின்றதும் இதே முத்துப்பேச்சிதான் என்று இப்போது ஞாபகம் வந்தது, என்னா பிலோமினா வெள்ளரிக்காயா என்று கேட்டாள். ஒன்றும் தெரியாமல் கேட்டாள். இந்த முகமும் நாளைக்குப் பத்து மணிக்குத் திட்டுத் திட்டாக, ரிஜிஸ்ட்ரார் முன்னால், அந்த டைம்கீப்பர் முன்னால். அப்போது பிலோமினா எந்த வெள்ளரிக்காரியிடம் போய் நிற்பாள்? ஒன்பது நிமிஷம் இருந்தது. ஒன்பது நிமிஷம் பொறுத்தால் ஒன்றுமில்லாமலும் போகலாம், பாதிக்குப் பாதி. கன்னம் சுருக்கென்கிறது என்றாளே. காய்ந்தால் இழுக்கும், சுருக்கென்னாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் அப்படித்தான் என்று சொன்னாள்.

போனை எடுத்து நேரத்தை நிறுத்தினாள். கிண்ணத்தில் குடத்துத் தண்ணீரை மொண்டு வந்து, மெல்லிய துணியை நனைத்து, முதலில் கண்ணைச் சுற்றி, பிறகு கன்னம், ஒத்தி ஒத்தி எடுக்க ஆரம்பித்தாள்.

"அதுக்குள்ளயா? இருபதுன்னியே."

"எடுக்கணும்க்கா. கண்ணை மூடிட்டே இருங்க, நல்லாக் கழுவிக்கிறேன். கண்ணு எரியுதா?"

"இல்ல. ஏன், என்ன ஆச்சு?"

மூன்று தடவை தண்ணீர் மாற்றிக் கழுவினாள். மஞ்சளும் மண்ணும் போய், கன்னம் இரண்டும் அடியிலிருந்து சிவப்பாக வெளியே வந்தன. கையில் துணியோடு நின்றாள். அந்த ஒரு வாக்கியத்தை இரண்டு வருடமாக அவள் குளியலறையில்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை.

"அக்கா, எனக்கு வாசனை தெரியாது."

முத்துப்பேச்சி கண்ணைத் திறந்தாள். லாரிக்காரன் லைசென்ஸ் இல்லை என்று சொன்னால் பார்க்கிற பார்வைதான் அது, ஆனால் அதிகம் கோபம் இல்லை.

"தெரியாதுன்னா?"

"மோந்தா ஒண்ணும் தெரியாது. அந்தக் காய்ச்சல்ல போச்சு, வரவே இல்ல. யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. ரெண்டு பாட்டில் இருக்கு, ஒண்ணு பூவுல எடுத்தது, இன்னொண்ணு மண்டபத்துல தெளிக்கிறது. உங்களுக்கு எதைப் போட்டேன்னு எனக்குத் தெரியல. போட்டப்புறம்தான் கவனிச்சேன். கவனிச்சு பத்து நிமிஷமாச் சொல்லாம நின்னேன்."

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது, அடக்கவும் பார்க்கவில்லை. முத்துப்பேச்சி எழுந்து கண்ணாடிக்குப் போனாள். கன்னத்தை இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது போயிருமா?"

"சாதாத் தண்ணியில ஒத்திக்கிட்டே இருந்தா ராத்திரிக்குள்ள அடங்கும்க்கா. அடங்காட்டி நானே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன். இனிமே உங்க மூஞ்சியில நான் ஒண்ணும் போட மாட்டேன்."

"அந்த பாட்டில எடு."

டிராலியில் இருந்ததைக் கொடுத்தாள். முத்துப்பேச்சி மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோன உடனே தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இது கல்யாண மண்டபத்து வாசல்."

பிலோமினா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முத்துப்பேச்சி இன்னொன்றையும் தானே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மோந்தாள். மறுபடியும் மோந்தாள்.

"இது வேற. இதுல ரோஜா வாசமே இல்லயே. அவிச்ச பூ மாதிரி இருக்கு. கீரைத் தண்டு ஒடிச்ச மாதிரி. பொறு, போறப்ப என்னமோ இனிப்பா வருது."

"தேன்" என்றாள் பிலோமினா. தேன், தேன், அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது, பெர்னாட் பாட்டிலில் பத்திரமாக இருக்கிறது, தனக்குத்தான் கதவு சாத்தியிருக்கிறது. இன்னொருத்தி மூக்கு வழியாக அது இந்த அறைக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. மோனிஷா விஷயத்தையும் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் ஒன்று வந்த வழியாக மற்றதும் வந்துவிட்டது.

"அந்தப் பொண்ணு வீடு தெரியுமா?"

"தெரியும்."

"முதல்ல அங்க போ. இதே மாதிரி போய்ச் சொல்லு." ஸ்டேஷனில் சொல்கிற குரலில் சொல்லிவிட்டு, துணியை நனைத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் நாற்காலியில் சாய்ந்தாள். வெளியே மதிய வெயில் சன்னல் கம்பியின் நிழலை அவள் மடியில் போட்டிருந்தது. பிலோமினா ரிஜிஸ்தர் ஆபீஸை நினைத்தாள், சிவந்த கன்னத்தை நினைத்தாள், இவள் ஏன் இன்னும் திட்டவில்லை என்று நினைத்தாள், திட்டிவிட்டால் தேவலை. முத்துப்பேச்சி திடீரென்று, இத்தனை நேரம் கூடாது என்று சொல்லி வைத்திருந்த சிரிப்பைச் சிரித்தாள்.

"நான் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யூனிஃபார்ம்லதான் போவேன், தெரியுமா உனக்கு?"

"எங்க வீட்டுக்காரரு சொல்லிருக்காரு. டூட்டிலருந்து நேரா வந்துட்டாங்கன்னு."

"டூட்டியாவது ஒண்ணாவது. சேலை கட்டிட்டுப் போனா வாசல்ல நிக்கிற பொம்பளைங்களுக்குச் சங்கடம். இவளுக்குக் குங்குமம் நீட்டறதா வேணாமா, பன்னீர் தெளிக்கிறதா வேணாமான்னு கை பாதியில நிக்கும். யூனிஃபார்ம்னா யாரும் ஒண்ணும் நீட்ட வேணாம், சல்யூட் அடிச்சு உள்ள விட்ருவாங்க. பதினோரு வருஷம். இந்தப் பன்னீர் ஒரு சொட்டு மேல பட்டதில்ல." துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். "இன்னிக்கு ஒருத்தி மூஞ்சி பூராவும் பூசிட்டா."

சிரிக்கலாமா என்று பிலோமினாவுக்குத் தெரியவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு. சாட்சிக்கு ஒரு ஆள் குறையுதுன்னேன்ல?"

"நானாக்கா? இதுக்கு அப்புறமுமா?"

"நீதான். அந்த பாட்டிலயும் கொண்டா."

"எந்த பாட்டில்?"

"மண்டபத்து பாட்டிலத்தான். மாப்பிள்ளைக்கும் வாசல்ல யாரும் நிக்கப் போறதில்ல, பாவம். தெளிக்கணும்ல."